வேலி போடுங்கோ, விடையைக் கட்டிப்போடாதீங்கோ

வகுப்பில் வீடியோ கேம் என்றதும் இரண்டு குரல்கள் கேட்கும். "பிள்ளையளைச் சும்மா விடுங்கோ, அதுகளே படிக்கும்" என்பது ஒன்று. "விட்டால் பழுதாப்போடுங்கள்" என்பது மற்றது. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

2018இல் யூபிசொஃப்ட் நிறுவனம் தன் 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' கேமுக்கு ஒரு கல்விப் பதிப்பை விட்டது. பழைய எகிப்துக்குள் நடந்து பார்க்கலாம், சண்டை இல்லை. சரி, ஏற்கலாம். ஆனால் நிர்வாணச் சிலைகளையும் சிப்பி வைத்து மறைத்தார்கள்! வரலாறு படிக்க வந்தவருக்கு வரலாற்றையே மூடிக் காட்டுவது எல்லை அல்ல, பயம். அதிலுள்ள 75 வழிகாட்டிச் சுற்றுகளை வரிசையாக முடி என்று மட்டும் சொன்னால், அதுவும் டியூட்டரி நோட்ஸ்தான். அதை எழுதி எழுதித்தானே நாங்கள் கம்பஸ் வந்தது?

மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பைப் பாருங்கோ. ஆசிரியர் எல்லைக் கட்டைகளை வைத்தால் பிள்ளை தாண்ட ஏலாது. ஒரு சின்னக் காணியை அப்படி அடைச்சு, "இதுக்குள்ள பத்து வீடும் ஒரு கிணறும் வேணும்" என்று விடுங்கோ. பாதை எங்க, கிணறு யாருக்குக் கிட்ட என்று பிள்ளையள் சண்டை பிடிக்கும். அந்தச் சண்டைதான் பாடம். வேலி இல்லாட்டி அது வந்தேயிராது.

ஆனால் "ஏன் டீச்சர் இந்த வேலி?" என்று பிள்ளை கேட்டால் பதில் இருக்கவேணும். கேள்விக்கே வேலி போடுகிறவர் கையில் கணினியும் கரும்பலகையும் ஒன்றுதான்.