திரை நம்முடையது, திறவுகோல் யாருடையது?

காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய ஒருவரிடம், "இதை மேசையில் வைத்து வாசிக்கலாம், சாய்மனைக் கதிரையில் இருந்து வாசிக்கக் கூடாது" என்று எந்தப் பத்திரிகை முதலாளியும் சொன்னதாக நான் அறியேன். சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். ஆனால், இணையக் காணொளிகள் விடயத்தில் ஏறக்குறைய இதே நிபந்தனை விதிக்கப்பட்டது. நாம் சிரிக்கவில்லை, பழகிக்கொண்டோம்.

எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி என்ற மென்பொருள், வீட்டில் சேமித்து வைத்திருந்த படங்களையும் பாடல்களையும் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் மூல நிரல் எவரும் எடுத்தாளத் திறந்திருந்தது. அதையே அடித்தளமாகக் கொண்டு பொக்சி என்ற நிறுவனம் தன் மென்பொருளை உருவாக்கியது. கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே இணையக் காணொளிகளைத் தெரிவுசெய்து பார்க்க அது வழிசெய்தது.

அமெரிக்காவில் என்.பி.சி யுனிவர்சல், நியூஸ் கோர்ப்பரேஷன் ஆகியவற்றின் கூட்டு முயற்சியான ஹூலு தளம் 2008 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்ப்பது இலவசம். வருமானம் விளம்பரங்களில் இருந்து வந்தது. பொக்சி வழியாகப் பார்த்தவர்களும் அந்த விளம்பரங்களுடனேயே பார்த்தார்கள். ஆயினும் 2009 பெப்ரவரியில், நிகழ்ச்சி உரிமையாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க பொக்சிக்கான வழியை அடைப்பதாக ஹூலு அறிவித்தது.

மடிக்கணினியில் பார்த்தால் நேயர், தொலைக்காட்சியில் பார்த்தால் அத்துமீறியவர். இது என்ன நியாயம்? கேபிள் நிறுவனங்கள் அலைவரிசைகளுக்குச் செலுத்திவந்த பெருங்கட்டணமே இதன் பின்னால் இருந்தது. வரவேற்பறைத் திரையில் இணையம் நுழைந்தால் அந்த வருமானம் ஆட்டங்காணும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 2010 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையொன்றில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, பொக்சி சட்டவிரோதமாக உள்ளடக்கத்தை எடுத்ததாகவே என்.பி.சி யுனிவர்சலின் தலைவர் ஜெஃப் சக்கர் பதிலளித்தார். இணைய உலாவி செய்வதைத்தான் தாமும் செய்வதாகப் பொக்சி மறுத்தது. 2013 ஜூலையில் சாம்சங் பொக்சியை வாங்கியதோடு அந்தக் கதை முடிந்தது.

இத்தகைய மென்பொருள்கள் திருட்டுக்குத் துணைபோகின்றன என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். எக்ஸ்.பி.எம்.சி 2014இல் கோடி எனப் பெயர் மாறிய பின்னர், அதைச் சிறு பெட்டிகளில் ஏற்றி, திருட்டுக் காணொளிகளுக்கு வழிகாட்டும் இணைப்புகளையும் சேர்த்து விற்றவர்கள் உண்டு. அவ்வாறு விற்பது பதிப்புரிமை மீறல் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு. எழுதிப் பிழைக்கும் நான் மற்றவரின் உழைப்பைத் திருடுவதற்குப் பரிந்து பேச முடியாது. ஆனால் கள்ளன் கத்தியால் கதவை நெம்பினான் என்பதற்காக எந்த ஊரிலும் கத்தியைத் தடைசெய்வதில்லை.

திருட்டுக்கும் அடைப்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கூகிளும் அமேசனும் ஒன்றின் பொருள்களை மற்றது விற்பது தொடர்பாகப் பிணக்குப்பட்டன. அமேசனின் ஃபயர் டிவி கருவிகளில் யூடியூப்பை நிறுத்தப்போவதாக 2017 டிசம்பரில் கூகிள் அறிவித்தது. 2019 ஜூலையில்தான் யூடியூப் செயலி அக்கருவிகளுக்குத் திரும்பியது. இதில் எந்த நேயர் எதைத் திருடினார்? இரண்டு யானைகள் மோதிக்கொண்டன. மிதிபட்டது காசு கொடுத்துக் கருவி வாங்கியவரின் வரவேற்பறை.

நான் கேட்பது இலவசம் அல்ல. கட்டணம் கேட்டால் கொடுப்போம், விளம்பரம் போட்டால் பார்ப்போம். ஆனால் பார்க்க உரிமை பெற்ற ஒன்றை எந்தத் திரையில், எந்த மென்பொருளின் வழியாகப் பார்ப்பது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிக்க வேண்டும். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் முகப்பில் எந்தச் செயலி இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை உற்பத்தியாளரே முடிவுசெய்கிறார். அதை வசதி என்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே, பழைய கணினியையும் அதைத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் கம்பியையும் எறிந்துவிடாதீர்கள். கோடி இன்றும் திறந்த மூல நிரலாகவே இருக்கிறது. எந்த நிறுவனமும் அதை விலைக்கு வாங்கிப் பூட்டிவிட முடியாது. வெளியே யார் எத்தனை கதவுகளை அடைத்தாலும், நம் வீட்டுத் திறவுகோல் ஒன்றாவது நம் கையில் இருக்கட்டும்.