உண்ணாமல் வைத்த வெங்காயம்

பாலைநிலத்தில் வழிநடந்த இஸ்ரயேல் மக்கள் எகிப்து நாட்டை எண்ணி அழுத செய்தி எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவர்கள் ஏங்கியது பொன்னுக்காகவும் அன்று, மாளிகைக்காகவும் அன்று. விட்டு வந்த சாப்பாட்டுக்காக. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது மீன். அதே வரிசையில் வெங்காயமும் நிற்கிறது. நம் இராமநாதபுரம் கடற்கரையில் அடுப்பு மூட்டும் எந்தத் தாயும் இதைப் படித்து வியக்கமாட்டாள். மீன் இருந்தும் சின்ன வெங்காயம் இல்லாத நாளில் குழம்பு குழம்பாக இராது என்பது அவளுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

மீன் நம் கடலில் கிடைக்கிறது. வெங்காயமோ திண்டுக்கல், பெரம்பலூர், திருச்சி வட்டாரங்களிலிருந்து லாரி ஏறி, பாம்பன் பாலம் கடந்து வருகிறது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோது, நம் பங்கின் இல்லத்தரசிகள் பத்து வெங்காயம் உரிக்க வேண்டிய இடத்தில் மூன்றை உரித்தார்கள். அந்த நாள்களில்தான் பங்கு இல்லத்தின் கொல்லையில் வெங்காயம் நட்டுப் பார்ப்போம் என்னும் எண்ணம் நமக்குத் தோன்றியது.

முதல் முயற்சி தோல்வியாயிற்று என்பதை மறைப்பானேன்? குருமடத்தில் நாம் கற்ற கல்வியில் வெங்காயப் பாடம் இருக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரை மோட்டார் போட்டுத் தாராளமாகப் பாய்ச்சினோம். மூன்றாம் வாரத்தில் தாளின் நுனிகள் வெளுத்துக் கருகின. பிடுங்கிப் பார்த்தபோது கிழங்குகள் பட்டாணி அளவைத் தாண்டவில்லை. நோய் என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளித்தோம். பயனில்லை.

ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் பாத்தியை நோக்கினார். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை வாயில் வைத்து, உடனே துப்பினார். “சாமி, இந்தத் தண்ணியை நீங்க குடிப்பீங்களா? நீங்க குடிக்காததை அது மட்டும் எப்படிக் குடிக்கும்?” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் கடற்கரைத் தோட்டக்கலையின் முதற்பாடம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது.

காய்கறிப் பயிர்களுள் உப்பைச் சிறிதும் பொறுக்காதவை சில. வெங்காயம் அவற்றுள் ஒன்று. நம் மணல்வெளியில் நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் இலேசானது. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும் என்பதும் அதே கணக்கே. ஆழத் துளைத்து வேகமாக இறைப்பவர் உப்பைத் தாமே வரவழைக்கிறார். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெண்கள் கையால் மணலைத் தோண்டிக் குடிநீர் சேந்துகிறார்கள். அந்த ஊற்றின் இரகசியம் இதுவே: ஆழம் குறைவு, அவசரமும் இல்லை.

ஆகவே பனைமரத்து ஓரமாக ஆளுயரத்துக்கும் குறைவான ஊற்று ஒன்று வெட்டி, குடத்தால் சேந்தி ஊற்றினோம். மறுமுறை வெங்காயம் வந்தது. நம் மண்ணைக் குறை சொல்வோர் தங்கச்சிமடத்தை எண்ணிப் பார்க்கட்டும். அவ்வூர் மணலில் வேர்விட்ட மல்லிகை நாற்றுகள் எங்கெங்கோ உள்ள தோட்டங்களுக்குப் போகின்றன. மணல் குற்றவாளியன்று, உப்பே பகை.

இனி, நடும் முறையைச் சொல்வோம். மேல்நாடுகளில் வெங்காய விதையை நெருக்கமாகத் தூவி, சுண்டைக்காயளவு கிழங்குகளை ஓராண்டு எடுத்து, பாதுகாத்து, மறு ஆண்டு அவற்றை நட்டுப் பெரிய வெங்காயம் பெறுவது ஒரு வழக்கம். நம் சின்ன வெங்காயத்துக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. உண்ணும் கிழங்கே விதை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 போன்ற இரகங்களை விதை தூவியும் வளர்க்கலாம். வீட்டுக் கொல்லைக்கு எளியது கிழங்குதான். ஒன்றை நட்டால் அது பிரிந்து ஐந்தாறாகவும், நல்ல மண்ணில் எட்டுப் பத்தாகவும் கொத்தாகப் பெருகும்.

மழை ஓய்ந்து, மணலில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும் தை மாதமே நம் கரைக்கு ஏற்ற காலம். பத்தடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு மேட்டுப்பாத்தி அமையுங்கள். வெறும் மணல் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்காது. கண்மாய் வண்டலும், நன்றாக மக்கிய ஆட்டு எருவும் கலந்து கொத்திவிடுங்கள். கருவாடு கழுவிய நீரையும் மீன் அலசிய உப்புநீரையும் அந்தப் பக்கமே ஊற்றலாகாது. கோலிக்குண்டு அளவில், கெட்டியான, அழுகல் இல்லாத வெங்காயத்தைப் பொறுக்கி, கொத்தாக இருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, வேர்ப்பக்கம் கீழாகவும் நுனி மண்மட்டத்தில் தெரியும்படியும் ஊன்றுங்கள். வெங்காயத்துக்கு வெங்காயம் நான்கு அங்குலம், வரிசைக்கு வரிசை ஒரு சாண். இந்தப் பாத்திக்கு ஏறக்குறைய 150 வெங்காயம் பிடிக்கும். கழித்தது போக ஒரு கிலோ விதை போதும்.

நட்ட அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மணலின் ஈரம் பார்த்து இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். வேர் மேலாக ஓடுவதால் களையைக் கையால் பறிப்பதே நன்று. அடி அழுகிய செடியைக் கண்டால் மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த பயிரை வேறிடத்தில் நடுங்கள். எழுபது நாள் அளவில் தாள்கள் மஞ்சளாகிச் சாயும். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கியதைத் தாளோடு நிழலில் நாலைந்து நாள் உலர்த்தினால் நான்கு ஐந்து கிலோ தேறும். பங்குனியில் வீட்டுக்கு வெங்காயம் வந்துவிடும்.

அன்பு வாசகர்களே, நாம் சொல்லவந்த செய்தி இனிமேல்தான் தொடங்குகிறது.

பங்குனி முடியும்போது நம் கடற்கரையில் வேறொன்றும் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. முன்பு 45 நாள்களாக இருந்தது 2017 முதல் 61 நாள்களாயிற்று. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் இந்த இடைவெளி நியாயமானதே. ஆயினும் படகுக் கூலியை நம்பிய வீட்டில் அந்த அறுபத்தொரு நாளும் நீண்டவை. அவை முடியும் வேளையில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும்.

நம் பங்கில் பத்துக் குடும்பங்களுக்கு விதை வெங்காயம் கொடுத்தோம். ஒரே ஒரு நிபந்தனை: விளைந்ததை உண்ணலாம், விற்கலாம், அரைக் கிலோவை மட்டும் தொடாமல் விதைக்கு வைக்க வேண்டும். தைப் பொங்கல் வரை அது அப்படியே இருக்குமா என்று கேட்பீர்கள். இராது. சின்ன வெங்காயம் ஐந்தாறு மாதத்துக்குமேல் தாங்குவது அரிது. அதன்பின் முளைக்கும், அல்லது உலர்ந்து சருகாகும். பிடுங்கியவுடன் நட்டாலோ ஒழுங்காக முளைக்காது. இரண்டு மாதமாவது அதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே பங்குனியில் எடுத்ததை ஆடியில் ஒரு சிறு பாத்தியில் நட்டு, மழைக்கு முன் புரட்டாசியில் எடுத்து, மறுபடி தையில் நட வேண்டும். விதையைக் காப்பது என்பது பூட்டி வைப்பதன்று. இடையில் ஒரு முறை மண்ணிடம் திருப்பிக் கொடுப்பது. கோடையில் நல்ல தண்ணீர் அருகிவிடும்; ஆயினும் நான்கடிக்கு ஐந்தடிப் பாத்திக்குச் சில குடம் தண்ணீர் தேட முடியாதா?

ஆடி வந்தது. பத்து வீடுகளில் மூன்றில் மட்டுமே விதை இருந்தது. நமக்கு மனம் வருந்தியது. சற்றுச் சினமும் வந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். ஞாயிறு மறையுரையில் இதைத் தொட்டுப் பேசவும் எண்ணியிருந்தோம். சனிக்கிழமை மாலை ஒரு பெண் வந்து நின்றார். “சாமி, விதையைச் சமைச்சிட்டேன். மே மாசம் கடையில கடன் தரமாட்டேன்னுட்டாங்க. பிள்ளைங்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்க வேற ஒண்ணும் இல்ல” என்றார். குரலில் கெஞ்சல் இல்லை. கணக்கு ஒப்படைப்பவர்போல் சொன்னார். மறையுரைக்குறிப்பைக் கிழித்துப் போட்டோம். மூன்று வேளையும் உணவு தவறாத நாம், பசித்த வீட்டின் உத்தரத்தில் வெங்காயத்தைத் தொங்கவிட்டுத் தொடாதே என்று சொல்லியிருந்தோம்!

விதை காத்த மூன்று வீடுகளில் ஒன்று, முன்பு தண்ணீரைச் சுவைத்துப் பார்த்த மூதாட்டியின் வீடு. எப்படிக் காத்தீர்கள் அம்மா என்று கேட்டோம். சிரித்தார். “என் வீட்டில வச்சிருந்தா நானும் தின்னுதான் இருப்பேன் சாமி. என் விதை பக்கத்து வீட்டில தொங்குது, அவ விதை என் வீட்டில தொங்குது” என்றார். இரண்டாவது வீடு எது என்பதும் அப்போது விளங்கிற்று.

மறு ஆண்டு நிபந்தனையை மாற்றினோம். தனித்தனிக் குடும்பம் என்பது போய், இருவர் இருவராக ஐந்து இணைகள். உலர்ந்த வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பின்னி, அடுப்புப் புகை இலேசாகப் படும் இடத்தில், ஒருவர் விதையை மற்றவர் வீட்டில் தொங்கவிடுவது ஏற்பாடு. தடைக்காலத்தின் நடுவில், முந்தைய ஆண்டு நம்மிடம் வந்து நின்ற அதே பெண்ணின் கணவர் நோயில் விழுந்தார். அவர் தம் விதையைக் கேட்டுத் தோழியின் வீட்டுக்குப் போனாராம். தோழி விதையைக் கொடுக்கவில்லை. தம் சமையலுக்கு வைத்திருந்ததில் பாதியை முறத்தில் அள்ளிக் கொடுத்து, “இதைக் கொண்டுபோய் ஆக்கு, அது ஆடிக்கு” என்றாராம். அந்த ஆடியில் பத்து வீடுகளுள் எட்டில் விதை இருந்தது. நோயுற்றவரின் வீடும் அந்த எட்டில் ஒன்று.

விதைக்கென்று எடுத்து வையுங்கள் என்று ஏழைக்கு அறிவுரை சொல்வது எளிது. அவர் அதை உண்ணாதிருக்க வேண்டுமானால், உண்பதற்கு வேறேதேனும் எவரேனும் கொடுத்தாக வேண்டும். சேமிப்பு ஒரு வீட்டின் நற்பண்பு என்றே நாம் இதுவரை போதித்து வந்தோம்; அதற்கு இரண்டு வீடுகள் வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடம் பார்த்திராத ஒரு மூதாட்டியிடம் கற்றோம்.

இந்தப் பங்குனியில் உங்கள் கொல்லையில் கொத்து நிறைய வெங்காயம் வரட்டும். மனமார உண்ணுங்கள். நல்லதில் அரைக் கிலோவைப் பொறுக்கிப் பின்னி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவருடைய விதையை வாங்கி உங்கள் வீட்டில் தொங்கவிடுங்கள். நாள்தோறும் அதை அண்ணாந்து பார்க்கும்போது, அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்றும் ஒரு முறை எண்ணிக்கொள்ளுங்கள்.