தொடாதே என்றால் கேட்காதே என்று அர்த்தமா?

என் பெரியம்மா 26 வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்த்தவர். 55 வயதில் இபிஎஃப் பணத்தை எடுத்தபோது அதிலிருந்து 8,000 வெள்ளியைத் தன் சபையின் கட்டட நிதிக்குக் கொடுத்தார். கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் சபை அது. சீக்கிரமே சொந்தக் கட்டடம் வரும் என்றார்கள். மூன்று வருஷம் கழித்தும் நிலம்கூட வாங்கவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியம்மா போய், "பாஸ்டர், கட்டட நிதியில இப்ப எவ்ளோ இருக்குங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க ஒரே வசனம். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே. பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறார் என்று அறையில் இருந்த அறுபது பேருக்கும் தெரியும்.

சில மாதங்கள் கழித்துப் பெரியம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இருபது வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். டாக்டருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் பார்க்க வந்தார்கள். ஜெபம் செய்தார்கள். போகும்போது, "பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடுங்க சிஸ்டர். அபிஷேகத்தத் தொட்டா சும்மா விடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலை, கோணிப்போன வாயோடு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் தொட்டுட்டேனா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். மதத்தைத் தாக்கும் நோக்கம் எனக்கில்லை. அந்தப் பாஸ்டர் கையில் வைத்திருக்கும் அதே புத்தகத்தை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் அந்தச் சொல். 'கிறிஸ்து' என்பது இயேசுவின் குடும்பப் பெயர் அல்ல. அது ஒரு பட்டம். எபிரேயத்தில் 'மஷியாஹ்', கிரேக்கத்தில் 'கிறிஸ்தோஸ்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எண்ணெய் பூசப்பட்டவர். மூல வினைச்சொல்லுக்குப் 'பூசுதல்' என்பதைத் தாண்டி எந்த மர்மமும் இல்லை. போருக்குப் போகுமுன் கேடயத்துக்கு எண்ணெய் தடவுவதற்கும், அப்பத்தின் மேல் எண்ணெய் தடவுவதற்கும், வீட்டுச் சுவருக்குச் சிவப்புச் சாயம் அடிப்பதற்கும் பழைய ஏற்பாடு இதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. அரசனுக்கும் ஆசாரியனுக்கும் எண்ணெய் பூசினார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் மேசைக்கும் விளக்குத்தண்டுக்கும் பாத்திரங்களுக்கும்கூடப் பூசினார்கள். ஒரு வேலைக்கென்று ஒதுக்கி வைப்பதன் அடையாளம் அது. ஏசாயா 45ஆம் அதிகாரம் இந்தப் பட்டத்தைப் பாரசீகப் பேரரசன் கோரேசுக்குத் தருகிறது. இஸ்ரவேலின் கடவுளை அவன் அறியாதவன் என்பதையும் அதே அதிகாரமே சொல்கிறது. ஆக, பட்டம் என்பது ஒப்படைக்கப்பட்ட வேலையைக் குறிக்கிறது. ஆளின் பரிசுத்தத்துக்கு அது சான்றிதழ் அல்ல.

தமிழில் இதற்கு 'அபிஷேகம்' என்ற சொல் வந்து சேர்ந்தது. தப்பான சொல் இல்லை. பட்டாபிஷேகம் என்று நாம் சொல்வதில்லையா? ஆனால் நம் காதில் அந்தச் சொல்லோடு கருவறையும் சேர்ந்தே ஒலிக்கிறது. அபிஷேகம் நடப்பது மூலவருக்கு. மூலவரை நாம் தொட முடியாது, கிட்டே போக முடியாது, கும்பிட்டுவிட்டு வரலாம். இந்த உணர்வு நம் ரத்தத்தில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து நேற்று சபைக்கு வந்தவரிடமும் இருக்கிறது, மூன்று தலைமுறைக் கிறிஸ்தவரிடமும் இருக்கிறது. விக்கிரக ஆராதனை பாவம் என்று மேடையில் முழங்கும் போதகர்கள், அதே மேடையில் தங்களை மூலவராக நிறுத்திக்கொள்ள இந்தச் சொல்தான் உதவுகிறது. கத்தோலிக்கர்களின் புதிய மொழிபெயர்ப்பில் 'திருப்பொழிவு', 'அருள்பொழிவு' என்று மாற்றிக்கொண்டார்கள். சொல் மாறினாலும் பயம் மாறியதா என்பது வேறு விஷயம்.

இனி அந்த வசனம். 105ஆம் சங்கீதத்திலும் முதலாம் நாளாகமம் 16ஆம் அதிகாரத்திலும் அது வருகிறது. அதற்கு முன்னால் உள்ள மூன்று வரிகளை வாசித்துவிட்டு அதைப் பிரசங்கித்த ஒரு போதகரையாவது நான் இதுவரை கேட்டதில்லை. அங்கே யாரைப் பற்றிப் பேச்சு? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், சொந்த நிலம் இல்லாதவர்கள், ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அலைந்தவர்கள். இவர்களுக்கு யாரும் எண்ணெய் பூசியதாகக்கூட ஆதியாகமத்தில் இல்லை. 'தொடாதே' என்ற எச்சரிக்கை யாருக்கு? ராஜாக்களுக்கு. நிலமும் படையும் உள்ளவர்கள், நாதியற்ற வந்தேறிகள்மேல் கை வைக்கக் கூடாது என்பதுதான் அந்த வசனம்.

சபை மேடையில் இது அப்படியே தலைகீழாகிறது. மைக்கும் கணக்குப் புத்தகமும் கையில் உள்ளவர், தோட்டத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாமானுக்கு வந்த ஒரு தொழிலாளியைப் பார்த்து 'என்னைத் தொடாதே' என்கிறார். அந்தச் சங்கீதத்தை நேர்மையாக வாசித்தால், அறையில் அபிஷேகம் பெற்றவர் என் பெரியம்மா. எச்சரிக்கை வாங்க வேண்டியவர் மேடையில் நின்றவர்.

உடனே சவுலையும் தாவீதையும் கொண்டு வருவார்கள். கெட்ட ராஜாவாக இருந்தும் சவுல்மேல் தாவீது கை போட மறுத்தான், ஆகவே நாமும் வாயைத் திறக்கக் கூடாது என்பார்கள். சரி, முதலாம் சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை முழுதாகவே வாசிப்போம். தாவீது செய்ய மறுத்தது கொலை. குகைக்குள் தனியாக மாட்டிய சவுலை வெட்ட மறுத்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. குகையை விட்டு வெளியே வந்து, வெட்டி எடுத்த அங்கித் துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, என்னை ஏன் வேட்டையாடுகிறாய் என்று கேட்டான். கர்த்தர் நம் இருவருக்கும் நடுவே நியாயம் தீர்க்கட்டும் என்று அறைகூவினான். சவுல் கூட்டி வந்திருந்தது 3,000 வீரர்களை. இதைவிடப் பகிரங்கமான கேள்வி என்ன இருக்கிறது? கையில் ஆதாரம் வேறு!

அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், நோப் ஊரில் 85 ஆசாரியர்களைக் கொல்ல உத்தரவிட்டவனும் இதே சவுல்தான். அவர்களும் எண்ணெய் பூசப்பட்ட வம்சம். அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்பதை அங்கே மீறியவன் அபிஷேகம் பெற்ற ராஜா. சாமுவேல் சவுலை முகத்துக்கு நேரே கண்டித்தார். நாத்தான் தாவீதைக் கண்டித்தார். இவர்கள் யாருக்கும் ஸ்ட்ரோக் வந்ததாக வேதத்தில் இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. பூசுதல் என்ற வினை ஆதியாகமத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் 'மஷியாஹ்', அதாவது பூசப்பட்டவர் என்ற பட்டமாக அது எபிரேய வேதத்தில் முதன்முதலில் வரும் இடம் லேவியராகமம் 4:3. அங்கே அபிஷேகம் பெற்ற ஆசாரியனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? அவன் பாவம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டத்தைப் பற்றி வேதம் பேசும் முதல் விஷயமே அதை வகிப்பவர் தவறு செய்யக்கூடும், அந்தத் தவறின் குற்றம் ஜனங்கள்மேலும் விழும் என்பதுதான். பரிகாரத்தின் அளவையும் பாருங்கள். சாதாரண மனிதன் தவறினால் ஒரு பெண் ஆடு. தலைவன் தவறினால் ஆட்டுக்கடா. அபிஷேகம் பெற்றவன் தவறினால் ஒரு காளை. மொத்தச் சபையும் சேர்ந்து தவறினால் எவ்வளவோ, அவன் ஒருவனுக்கு அவ்வளவு. ஆக, அந்த எண்ணெய் தலையில் விழுந்தால் கணக்குக் கூடுமே தவிரக் குறையாது.

புதிய ஏற்பாடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலாம் யோவான் 2ஆம் அதிகாரம், விசுவாசிகள் எல்லாருக்குமே அபிஷேகம் உண்டு என்கிறது. மூப்பர்மேல் குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரிக்க வேண்டும், பாவம் செய்தவர்களை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. விசாரணையே கூடாது என்றால் சாட்சிகளின் எண்ணிக்கை எதற்கு?

"எல்லா பாஸ்டரும் அப்படி இல்ல" என்று சிலர் சொல்வார்கள். உண்மை. பழைய மோட்டார் சைக்கிளில் சிறைக்கும் மருத்துவமனைக்கும் அலைகிற போதகர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் கணக்குக் கேட்டால் ரசீது புத்தகத்தையே தூக்கித் தந்துவிடுவார்கள். இந்த வசனம் அவர்களுக்குத் தேவைப்படுவதே இல்லை. யாருக்குத் தேவைப்படுகிறது என்பதை வைத்தே மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

"சபைக்குள்ள உள்ளத வெளிய பேசினா மத்த மதத்துக்காரன் சிரிப்பான்" என்பது இன்னொரு வாதம். பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். சிட்டி ஹார்வெஸ்ட் திருச்சபையில் 2003ல் ஓர் உறுப்பினர் பணத்தைப் பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். கடைசியில் அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. 2015ல் அந்தச் சபையின் நிறுவனர் உட்பட 6 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. தவறாகக் கையாளப்பட்ட தொகை சுமார் 5 கோடி சிங்கப்பூர் வெள்ளி. மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைந்தது. குற்றம் குற்றமாகவே நின்றது. 2003லேயே சபை அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்குமா?

நம் நாட்டிலும் சங்கமாகப் பதிவு பெற்ற எந்தச் சபையும் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவதிகாரியிடம் தர வேண்டும். அரசாங்க அதிகாரிக்குக் காட்டும் கணக்கை, காணிக்கை போட்டவருக்குக் காட்டினால் அபிஷேகம் கரைந்துவிடுமா?

கடைசியாக, அந்தப் பட்டத்துக்கு உரியவரிடமே போவோம். நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு ஏசாயாவின் சுருளை வாசித்து, ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லவே தமக்கு அபிஷேகம் என்கிறார். லூக்கா 4ஆம் அதிகாரம். சற்று நேரத்தில் ஊர்க்காரர்கள் அவரை மலைவிளிம்பு வரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. அவர் சொல்லவில்லை. பிறகு, பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். அப்போதும் அந்த வசனம் அவர் வாயில் வரவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் அந்தத் தவறு என்னவென்று நிரூபி என்கிறார், யோவான் 18ல். தன்னை அடித்தவனிடமே ஆதாரம் கேட்டு, தன்னையே விசாரணைக்குத் தருகிறார். அந்தப் பெயரில் ஊழியம் செய்கிறவர், 8,000 வெள்ளி கொடுத்த ஒரு கிழவியின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சங்கீதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் பெரியம்மாவுக்கு லேவியராகமம் 4ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை விரல் வைத்து வாசித்தார். "இத இத்தன வருஷத்துல ஒருத்தரும் பிரசங்கம் பண்ணலியேப்பா" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நல்லபடியாக இருந்த இடது கையை நீட்டி, கட்டட நிதி ரசீது வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் தரச் சொன்னார்.

இல்லை பெரியம்மா, நீங்கள் யாரையும் தொடவில்லை. கணக்குத்தான் கேட்டீர்கள். மறுபடியும் கேளுங்கள்.