அச்சு எலும்புக்கு யார் பொறுப்பு?

முப்பரிமாண அச்சில் எலும்பு செய்தோம் என்று அறிவிக்கும் மருத்துவமனைகளுக்கு எல்லாமே ‘நாட்டிலேயே முதல்முறை’தான். தாடைக்கு ஒரு முதல்முறை, இடுப்புக்கு ஒரு முதல்முறை. டெல்லியை ஒட்டிய குருகிராமில் 2017-ல் மேதாந்தா மருத்துவமனை செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். காசநோய் அரித்த கழுத்தெலும்புகளுக்குப் பதிலாக, 32 வயதுப் பெண்ணுக்கு அச்சிட்ட டைட்டானியத்தைப் பொருத்தினார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எரிச்சல் தருவது மத்திய அரசாங்கத்தின் உற்சாகம். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் முப்பரிமாண அச்சுக்காக 2022 பிப்ரவரியில் வெளியிட்ட தேசிய உத்தியைப் பாருங்கள்: 50 தொழில்நுட்பங்கள், 100 ஸ்டார்ட்அப்கள், 500 தயாரிப்புகள், உலகச் சந்தையில் 5 சதவீதம். உடம்புக்குள் போகும் உலோகத்தைப் பத்து வருடம் கழித்து யார் தேடிப் பார்ப்பது என்பதற்கு இந்த இலக்குகளில் எண் இல்லை.

சி.டி. ஸ்கேனிலிருந்து வடிவம் எடுத்து, டைட்டானியத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, லேசரால் உருக்கி அடுக்கடுக்காக எழுப்புகிறார்கள். கெட்டியான டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. பளுவைத் தானே வாங்கிக்கொண்டு பக்கத்து எலும்பைச் சோம்பேறியாக்கிவிடும். அதனால் தேன்கூடுபோல் துளைவிட்டு அச்சிடுகிறார்கள். துளைக்குள் எலும்பும் வளரும். உருகாத தூள் தங்குவதும் அதே துளைக்குள்தான். ஆலையில் ஆயிரம் வார்த்தால் ஒன்றை உடைத்துச் சோதிக்கலாம். இங்கே இருப்பதே ஒன்று. கூடவே அச்சிட்ட சோதனைத் துண்டை உடைக்கலாம். நோயாளிக்குப் போகும் துண்டை உடைக்க முடியாது.

இப்படிப்பட்ட பொருளுக்கு விதி கடுமையாக இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 2017-ம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் நேர்மாறு. மருத்துவர் தம் பொறுப்பில் எழுதிக் கொடுத்து, ஒரே நோயாளிக்கென்று செய்யப்படும் சாதனத்துக்கு முக்கியமான பல விதிகளிலிருந்து விலக்கு உண்டு. பல்செட்டுக்கு இது சரி. இடுப்பெலும்புக்குமா?

உரிமம் பெற்ற சாதனத்திலேயே நடந்ததை டெல்லி மறந்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபூய் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். உலோகத்தில் உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு இந்த அறுவை நடந்திருந்தது. மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் அருண் அகர்வால் தலைமையிலான குழுவை சுகாதார அமைச்சகம் அமைத்ததே 2017-ல்தான். கண்டுபிடிக்க முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மற்ற மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் எங்கே? ஆஸ்திரேலியாவில் இதே மூட்டு 2009 டிசம்பரிலேயே சந்தையைவிட்டுப் போனது. எந்த மூட்டு எத்தனை பேருக்கு மறு அறுவைக்கு வந்தது என்று தேசியப் பதிவேடு எண்ணிக்கொண்டிருந்தது. சுவீடன் முழங்கால் மூட்டுகளை 1975 முதலே எண்ணுகிறது. நம்மிடம் மூட்டு அறுவை மருத்துவர் சங்கம் 2006-ல் தொடங்கிய பதிவேடு இருக்கிறது. விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம்.

ஏ.எஸ்.ஆருக்காவது பெயரும் தொகுப்பு எண்ணும் இருந்தன. அச்சு எலும்பு ஒவ்வொன்றும் ஒரு தனி ரகம். பத்துப் பேருக்குப் பத்து ஊரில் உடைந்தால் அது பத்துத் தனித்தனித் துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும். ஒரே தூளின் குறை என்று கோத்துப் பார்க்க ஆள் இருக்காது. கட்டுப்பாடு வந்தால் புதுமை செத்துவிடும் என்கிறார்கள் ஸ்டார்ட்அப்காரர்கள். முதலீட்டாளருக்குச் சொல்லும் கதை அது, பதில் தேவையில்லை.

விலையிலும் இதே அலட்சியம்தான். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தபோது புற்றுநோய்க்கான சிறப்பு மூட்டுக்கும் 1,13,950 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஒருவருக்கென்றே அச்சிடும் தாடைக்கோ இடுப்புக்கோ அப்படியொரு வரம்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டெல்லி கோட்லா சாலையில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் அச்சு எலும்புக்கு உள்ள அந்த விதிவிலக்கை நாளையே நீக்க வேண்டும். வடிவக் கோப்பு, தூளின் தொகுப்பு எண், அச்சிட்ட இயந்திரம், நோயாளியின் தொலைபேசி எண் ஆகிய நான்கும் அடங்கிய கட்டாயப் பதிவேடு வரும்வரை, புற்றுநோய்க்கும் கோர விபத்துக்கும் தவிர வேறெதற்கும் அச்சு எலும்பு வைக்கத் தடை போட வேண்டும்.