ஓரத்து மாந்தர்

கதைத் தலைவனை உலகம் மறப்பதில்லை. அவனருகே நின்ற சிறுபாத்திரங்களையோ மறந்துவிடுகின்றது. அல்லது பிழைபட நினைவு கொள்கின்றது. இவ்விரண்டனுள் பின்னதே பெருந்தீங்கு என்பது என் துணிபு.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாட் குரோனிங் படைத்த 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரைச் சான்றாகக் கொள்வோம். 1989 திசம்பரில் தொடங்கிய இத்தொடர் 35 ஆண்டுகளைக் கடந்தும் நடைபெறுகின்றது. இதன் தொடக்கப் பகுதிகளில் வந்த மார்வின் மன்றோ என்னும் உளமருத்துவர் இடையில் மறைந்தார். அவர் பெயரால் நினைவு மருத்துவமனையொன்றும் காட்டப்படவே, அவர் இறந்தார் என்றே பலரும் எண்ணினர். 2004இல் அவர் மீண்டும் தோன்றி, தாம் நோயுற்றிருந்ததாக உரைத்தார்! இப்பிழை நகைப்பிற்குரியது, எவரையும் புண்படுத்தாதது.

அப்பு என்னும் இந்தியக் கடைக்காரரின் நிலை அத்தகையதன்று. அவர் கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று 1996இல் அத்தொடரே கூறிற்று. எனினும் பலர் நினைவில் நின்றது அவருடைய கல்வியன்று, மிகைப்படுத்திய உச்சரிப்பே. அக்குரலைக் கொண்டு பள்ளிகளில் எள்ளப்பட்ட தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளின் மனக்குறையை, ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாக்கினார். குரல் கொடுத்துவந்த ஹேங்க் அசாரியா 2020இல் அப்பணியினின்று விலகினார்.

நகைச்சுவைக்குச் சுருக்கமே உயிர். ஒவ்வொரு பாத்திரத்தையும் விரித்துரைக்க இயலுமோ என்று வினவுவோர் உளர். இயலாது என்பது உண்மையே. ஆயின், ஓர் இனத்தார் திரையில் அரிதாகவே தோன்றும் காலத்தில், ஒருவர் சாயலே அனைவர்க்கும் சாயலாகிவிடும். சுருக்குவோர்க்கு அப்பொழுது பொறுப்பு மிகுதி.

இத்தொடர் 2024இல் இவ்வுண்மையைத் தானே உணர்த்தியது. முதற்பகுதி தொட்டு மது விடுதியின் ஓரத்தில் பெரும்பாலும் பேசாமல் அமர்ந்திருந்த லாரி என்பவர் அவ்வாண்டில் இறக்கின்றார். நாள்தோறும் உடனிருந்த நண்பர்கள், அவரைப் பற்றித் தாம் ஏதும் அறியாமையை அவர் மறைந்த பின்னரே உணர்கின்றனர். பெயரும் அறியாத ஒருவருக்காகப் பார்வையாளர் பலர் வருந்தினர்.

லாரியைப் போன்றோர் நம் அருகிலும் உளர். அவர்கள் வாழும்போதே பெயரைக் கேட்டறிவோம். அவர்தம் கதையை அவர் வாய்மொழியாகவே கேட்போம்.