எந்தக் கோலால் அளப்பது?

இணையத்தில் தேடாமல் இருக்கமாட்டாத மனநிலையையும் எண்ணால் அளந்துவிடலாம் என்று உளவியலார் கூறுகின்றனர். 1998இல் கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலாளர் இணைய அடிமைத்தனத்தை அளக்க 20 வினாக்கள் அடங்கிய சோதனையொன்றை வகுத்தார். 2016இல் சீன ஆய்வாளர் சிலர் தேடுதல் ஒன்றையே தனியே பிரித்தெடுத்து, அதன்மீது மனம் கொண்ட சார்பை அளக்கும் வினாக்கொத்தொன்றை வெளியிட்டனர். ஐயம் எழுந்தவுடன் கை கருவியை நாடுகிறதா, தேட வழியில்லாதபோது மனம் அமைதி இழக்கிறதா என்ற பாங்கிலே இத்தகைய வினாக்கள் அமையும். விடைகளைக் கூட்டினால் ஓர் எண் வரும்.

அவ்வெண் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் எதைச் சொல்லும் என்பதே எமது வினா.

தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் போதாமை சப்ரகமுவத் தோட்டங்களின் பழைய குறை. ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு மாணவி இணையத்தை நாடுகிறாள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பாடமே கையடக்கத் தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. அடுத்த ஆண்டில் ஊவாவின் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசித் தொடர்பு தேடிக் குன்றேறிய செய்தியை உலகமே படித்தது. தொடர்பு அறுந்தால் மனம் பதறுகிறதா என்று அப்பிள்ளைகளைக் கேட்டிருந்தால் ஆம் என்றே விடை வந்திருக்கும். தாகத்தை நோயென்று குறித்துக்கொள்ளும் வைத்தியனை யார் நம்புவர்?

நிற்க. தேடலால் தீங்கே இல்லை என்பதும் எம் கருத்தன்று. 2011இல் பெட்சி ஸ்பாரோ, ஜென்னி லியூ, டானியல் வெக்னர் ஆகியோர் 'சயன்ஸ்' இதழில் ஆய்வொன்றை வெளியிட்டனர். 40 சிறு செய்திகளைச் சிலரைக் கொண்டு கணினியில் எழுதச் செய்தனர். கணினி அவற்றைக் காத்துவைக்கும் என்று நம்பியவர்கள், அழிந்துபோகும் என்று நம்பியவர்களிலும் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். (அதே கட்டுரையின் வேறொரு சோதனை 2018இல் மீளச் செய்யப்பட்டபோது முன்னைய முடிவைத் தரவில்லை. ஒரே ஆய்வைப் பற்றிக்கொண்டு தீர்ப்பெழுதுவோர் இதனை நினைவில் இருத்துக.)

அந்த வெக்னரே 1985இல் வேறொன்றும் சொல்லியிருந்தார். சேர்ந்து வாழ்வோர் நினைவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றனர். எல்லாவற்றையும் எல்லோரும் சுமப்பதில்லை. யாருக்கு எது தெரியும் என்பது தெரிந்தால் போதும். தோட்டத்து லயம் இதற்கு நல்ல சான்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது என்பதை இணையம் நொடியில் சொல்லும். எந்தக் காம்பராவிலிருந்து எந்தக் குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறியது, எந்தப் பிள்ளை பிரிந்து நின்றது என்பதை ஒரு பாட்டிதான் சொல்லவேண்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது ஓடி ஒளிந்த இடமும், அன்று கதவு திறந்துவிட்ட சிங்கள அயலாரின் பெயரும் அவ்வாறே. இவற்றுட் பெரும்பாலானவை எவ்விடத்தும் எழுதப்படவில்லை. அறிந்தோர் முதுமையெய்திவிட்டனர்.

எமது அச்சம் இங்கேதான். எல்லாம் எங்கோ காத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பும் மாணவன் பாட்டியைக் கேட்கமாட்டான். தேடிக் கிடைக்காதது நடந்தேயிராது என்றும் எண்ணத் தலைப்படுவான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் கண்டதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்: இணையத்தில் விடை தேடியவர்கள், தாம் தேடாத வேறு பொருள்களையும் விளக்கவல்லோம் என்று தம்மை மிகையாக மதித்தனர். திருத்திச் சொல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில் இந்த மிகைமதிப்பு இன்னும் கேடானது.

ஆதலின் சார்பை அளக்க விரும்பும் ஆசிரியர்கள் பிறநாட்டு வினாக்கொத்தை அப்படியே பெயர்த்துப் பிள்ளைகளிடம் நீட்டவேண்டாம். ரப்பர்ப் பாலை ஏன் விடியற்காலையிலேயே வெட்டுகிறார்கள் என்று கேகாலைப் பிள்ளையிடம் கேளுங்கள். முதலில் தன் ஊகத்தை எழுதட்டும். பிறகு, இதை அறிய யாரிடம் போவாய் என்பதற்கு விடை எழுதட்டும். பால் வெட்டும் தாயை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் பெயரை எழுதாத தாள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எமக்கு வேண்டிய அளவு அதுவே.

இதைச் செய்து பார்க்கும் பாடசாலைகள் விடைத்தாள்களைப் பிள்ளைகளின் பெயர் நீக்கி அனுப்பினால் இப்பக்கத்தில் வெளியிடுவோம்.