ஸ்டோர் ரூமில் கிடக்கும் மெமரி கார்டு

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் உறை பிரிக்கப்படாத பெட்டி ஒன்று 2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் ‘சூப்பர் மரியோ 64’ 1.56 மில்லியன் டாலருக்கு ஏலம் போயிருந்தது. வாங்கியவர்கள் யாரும் அவற்றை விளையாடப் போவதில்லை. உறையைக் கிழித்தால் விலையும் கிழிந்துவிடும்.

இந்த ஏலச் செய்திகள் வந்ததிலிருந்து, நிகழ்ச்சியில் பழைய விளையாட்டுகளைப் பற்றி எப்போது பேசினாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். “தம்பி, எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல பழைய கேம் பெட்டி ஒன்னு கெடக்கு. வித்தா எவ்வளவு வரும்?”

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு குடும்பம் உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் காசுகூடப் பெரும்பாலும் தேறாது. சேகரிப்பாளர்கள் தேடுவது ஒரிஜினல். நம்மில் பலர் வீட்டில் இருந்தது நகல்.

அப்படியானால் வீசிவிடலாமா? வேண்டாம். ஏன் என்று இந்த வாரம் பேசுவோம்.

*நம் வீட்டுக்கு வந்த பெட்டி*

ஜப்பானின் நிந்தெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ பெட்டியை 1983 ஜூலை 15-ஆம் நாள் 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதே பெட்டியை நகலெடுத்து, தைவானின் டி.எக்ஸ்.சி. நிறுவனம் விற்றதுதான் ‘மைக்ரோ ஜீனியஸ்’. 1990-களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் வளர்ந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலரும்.

விலை மலிவு என்பதால் மட்டும் நகல் நம்மிடம் வரவில்லை. ஜப்பானியப் பெட்டியின் அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. அப்போது நம் வீட்டுச் சுவரில் இருந்தது 240 வோல்ட். அதை அப்படியே சொருகினால் கதை முடிந்தது. அதன் ஒளிச்சமிக்ஞையும் ஜப்பானியத் தொலைக்காட்சிகளுக்கானது, நம்முடையவற்றில் சரியாக வராது. நகலெடுத்தவர்களோ நம்மைப் போன்ற நாடுகளின் மின்சாரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றபடி பெட்டியைச் செய்து அனுப்பினார்கள்.

வானொலிக்காரன் என்பதால் எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். அந்தப் பெட்டியை இணைக்க, தொலைக்காட்சியின் ஆண்டெனா கம்பியைக் கழற்றி அதே துளையில் பெட்டியின் கம்பியைச் சொருகுவோம். பிறகு புள்ளி புள்ளியாய்ப் பொரியும் திரையில், படம் தெளியும் வரை அலைவரிசையைத் திருகித் தேடுவோம். வானொலி நிலையம் தேடுவதும் இப்படித்தான். பெட்டிக்குள் இருந்த சிறு கருவி, விளையாட்டை ஓர் அலைவரிசையாக மாற்றித் தொலைக்காட்சிக்கு அனுப்பியது. நம் வரவேற்பறையில் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமே நடந்திருக்கிறது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டால் அம்மாவுக்கு நாடகம் இல்லை, அப்பாவுக்குச் செய்தி இல்லை. எனவே ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் குடும்பத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கும்போது அந்த அடாப்டர் அம்மாவின் அலமாரிக்குள் போய்விடும்.

கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் உள்ளே இருப்பது சில விளையாட்டுகள்தான். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். ‘பேட்டில் சிட்டி’ என்ற சரியான பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது ‘டாங்க்’. ‘எக்சைட்பைக்’ வெறும் ‘மோட்டார்’. ‘கொன்ட்ரா’வில் 30 உயிர் கிடைக்க மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்த வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்தில் வாய்மொழியாக வந்தது. அந்த இரகசிய வரிசையை அமைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோதோ. 1986-இல் ‘கிரேடியஸ்’ விளையாட்டைச் சோதித்தபோது அது மிகக் கடினமாக இருந்ததால், தம் வசதிக்காக அதை வைத்தார். அப்படியே உள்ளே தங்கிவிட்டது. 2020-இல் அவர் மறைந்த செய்தியை வாசித்தபோது, என் விரல்கள் தாமாக அந்த வரிசையில் மேசையைத் தட்டின.

ஒரிஜினலில் இருந்து நமக்கு வராமல் போனவையும் உண்டு. ஜப்பானிய ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் ஒரு மைக் இருந்தது. அங்கு வெளியான ‘செல்டா’ விளையாட்டில் முயல் காதுகளோடு வரும் எதிரியை அந்த மைக்கில் சத்தம் போட்டே வீழ்த்தலாம். பல நகல்களில் அந்த மைக் இல்லை. மைக்கை நம்பிப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

*கறுப்புத் தட்டும் வெள்ளித் தட்டும்*

1994 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது. கேசட் போய் சிடி வந்தது. அதன் ஒரிஜினல் சிடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். எங்கள் தாமானில் அந்தக் கறுப்பைப் பார்த்த பையன்கள் மிகக் குறைவு. எங்களுக்குத் தெரிந்தது, பசார் மாலாமில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் தொங்கிய வெள்ளி நிறத் தட்டு. அது ஓடுவதற்குப் பெட்டிக்குள் ‘சிப்’ போட வேண்டும். எந்தக் கடையில் யார் நன்றாகப் போடுவார் என்பது ஊரறிந்த தகவல்.

கள்ளத் தட்டுத் தொழிலை ஒடுக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் ஒளியியல் தட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தட்டு தயாரிக்க உரிமம் கட்டாயமானது. அது நியாயமான சட்டம். ஹஷிமோதோ போன்றவர்களின் உழைப்புக்கு நம் வீடுகளிலிருந்து ஒரு காசும் போகவில்லை என்பது உண்மை. இன்று ஒலிப்பதிவுக்கும் பாட்டுக்கும் உரிமத் தொகை கேட்கும் துறையில் இருந்துகொண்டு, நான் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் நடந்தது நடந்ததுதான். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், அடுக்குமாடி வீடுகளின் சிறிய வரவேற்பறைகளில், இந்த நகல் பெட்டிகள் வழியாகத்தான் கணினி யுகத்துக்குள் நுழைந்தார்கள். ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரியாமலேயே ‘வின்னிங் லெவன்’ ஆட்டத்தின் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்தார்கள். இது நம் வரலாற்றின் ஒரு பகுதி. அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

*எண்ணிக்கையில் வராதவை*

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காட்டை இன்று கடையில் வாங்க வழியில்லை என்றது அந்த ஆய்வு. முறையாக வெளியானவற்றின் நிலையே இது. அதே ஆண்டு, கோஜி கோண்டோ அமைத்த மரியோ இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. வீடியோ விளையாட்டு இசை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை.

மரியோவைப் பாதுகாக்க ஆளிருக்கிறது. மைக்ரோ ஜீனியஸுக்கு யார்? நம் நாட்டில் வெளியாகும் நூலையும் ஒலித்தட்டையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பசார் மாலாம் தட்டுக்கு வெளியீட்டாளரும் இல்லை, முகவரியும் இல்லை. அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க ஒருவரும் இல்லை.

பெட்டியும் தட்டும் போனால் போகட்டும், இணையத்தில் தேடினால் எப்படியும் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. விளையாட்டு கிடைக்கலாம். கிடைக்காதது எது என்று கிள்ளானிலிருந்து அழைத்த ஓர் அக்காவால்தான் எனக்குப் புரிந்தது.

பழைய விளையாட்டுகளைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று முடிந்த பிறகு அவர் அழைத்தார். “தம்பி, எந்தம்பி 2009-ல மோட்டார் விபத்துல தவறிட்டான். அவனோட பிளேஸ்டேஷன அப்பவே யாருக்கோ கொடுத்துட்டோம். மெமரி கார்டு மட்டும் அவன் பர்ஸ்லயே இருந்துச்சு. அதுல ஏதாச்சும் இருக்குமா?”

பிளேஸ்டேஷன் மெமரி கார்டு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. கொள்ளளவு 128 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. அதில் 15 கட்டங்கள் உண்டு, ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கலாம். உள்ளே பேட்டரி கிடையாது. மின்சாரம் இல்லாமலே தகவலைப் பிடித்து வைத்திருக்கும் சில்லு அது. “இருக்க வாய்ப்பு உண்டு அக்கா, கொண்டு வாங்க” என்றேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் நண்பர் ஒருவர் பழைய பிளேஸ்டேஷனையும் அதற்கேற்ற பெரிய குழாய்த் தொலைக்காட்சியையும் இன்னும் வைத்திருக்கிறார். அக்கா கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தார். கார்டை நண்பர் உடனே சொருகவில்லை. தொடுமுனைகளை ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பிறகு சொருகினார். சிடி போடாமல் பெட்டியைத் திறந்தால் கார்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு சிறு படம் இருக்கும். அதில் ஒன்று ‘வின்னிங் லெவன்’.

அந்த ஆட்டத்தில் எத்தனையோ பதிப்புகள் உண்டு. சேமித்த பதிப்பின் சிடி இருந்தால்தான் கார்டில் உள்ளது திறக்கும். நண்பரிடம் இருந்த வெள்ளித் தட்டுகளில் மூன்றாவது பொருந்தியது.

திரையில் ஒரு குழு வந்தது. விளையாட்டாளர்களின் பெயர்களை மாற்றும் வசதி அந்த ஆட்டத்தில் இருந்தது. அந்தத் தம்பி பதினோரு பெயரையும் மாற்றியிருந்தார். அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். “இது எங்க மாமா பையன். இது பக்கத்து வீடு. இவன் தமிழ்ப்பள்ளியில கூடப் படிச்சவன், இப்போ ஜொகூர்ல இருக்கான்.” கடைசியில் கோல் கீப்பரிடம் வந்து நின்றார். அது அவருடைய பெயர்.

“என்னைப் போயி கோல் கீப்பரா நிக்க வச்சிருக்கான் பாரு!” என்று சிரித்தார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. நண்பர் தே தாரிக் வாங்கிவரப் போவதாகச் சொல்லி வெளியே போனார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

அந்தப் பதினோரு பெயர்கள் எந்த இணையத்திலும் கிடைக்காது. உலகத்தில் அந்த ஒரே ஒரு கார்டில்தான் இருந்தன. வார இறுதிப் பழம்பொருள் சந்தைகளுக்குப் போனால் இப்படிப்பட்ட கார்டுகளைக் கூடையில் குவித்து வைத்திருப்பார்கள். “எல்லாம் சுத்தமா அழிச்சாச்சு, புதுசு மாதிரி இருக்கும்” என்று ஒரு வியாபாரி என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாங்குபவர்களுக்குக் காலிக் கார்டுதானே வேண்டும்.

*வீசுவதற்கு முன்*

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி கிடக்கலாம். அதற்காகச் சில வார்த்தைகள்.

முதலில் மெமரி கார்டு. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விற்காதீர்கள், அழிக்காதீர்கள். கார்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அந்த அக்காவின் குழுவை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்து கேசட். படம் வராவிட்டால் வாயால் ஊதுவது நம் ஊர் வைத்தியம். ஊதியதால் அது வேலை செய்யவில்லை. கழற்றித் திரும்பச் சொருகும்போது தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதுதான் காரணம். எச்சில் ஈரம் உலோகத்தை அரித்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் போதும்.

ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியுள்ள கேசட்டுகளில் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததும் போய்விடும். இருபது, முப்பது வருடம் ஆனவற்றைத் தெரிந்தவரிடம் விரைவில் காட்டுங்கள். பேட்டரியை நீங்களே கழற்ற வேண்டாம், கழற்றிய நொடியில் உள்ளிருப்பது அழியும்.

அடாப்டரைக் கண்டபடி மாற்றிச் சொருகாதீர்கள். வோல்ட் சரியாக இருந்தாலும் நேர்முனை, எதிர்முனை மாறினால் பெட்டி கருகிவிடும். பழைய குழாய்த் தொலைக்காட்சி இருந்தால் அதையும் வைத்திருங்கள். துப்பாக்கியால் வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’ இன்றைய தட்டைத் திரையில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் குழாய்த் திரை காட்டும் மின்னலைத்தான் அந்தத் துப்பாக்கி பார்க்கிறது.

கடைசியாக, ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதி அந்தப் பெட்டிக்குள் வையுங்கள். யார் வாங்கிக் கொடுத்தது, எந்த ஊரில் எந்தக் கடை, என்ன விலை, யார் யார் விளையாடினார்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் உங்கள் கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரிஜினல் பெட்டிக்கு ஜப்பானில் பதிவு இருக்கிறது. நகல் பெட்டியின் பதிவு நம் வாயில்தான் இருக்கிறது, நமக்கும் வயதாகிறது.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஸ்டோர் ரூம் வழக்கமாகக் கடைசியாகத்தான் வரும். இந்த வருடம் கொஞ்சம் முன்னாலேயே திறந்து பாருங்கள். ஏதாவது கிடைத்தால் எழுதுங்கள். விலை கேட்காமல் எழுதுபவர்களுக்கு முதலில் பதில் போடுவேன்.